அண்டை வீட்டுக் காவலன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கிராமமொன்றில் காவல் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், அவ்வாண்டு முறை யாருக்கு வந்ததோ அவரிடம் என்பதே விடையாகும். ஊர்க் கொல்லராகவோ, தையற்காரராகவோ, சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழும் குடியானவராகவோ இருந்த ஒரு மனிதரை, மேனர் என்னும் பண்ணை நீதிமன்றமோ மாதா கோவிலைச் சார்ந்த பாரிஷ் சபையோ தேர்ந்தெடுத்துச் சத்தியப் பிரமாணம் செய்வித்து, அரசரின் மகுடச் சின்னம் வர்ணத்தில் தீட்டப்பெற்ற ஒரு தடியை அவர் கையில் கொடுத்து, ஓராண்டுக் காலம் அவ்வூரின் கான்ஸ்டபிளாக இருக்கும்படி விதித்தது. அவருக்குச் சம்பளம் கிடையாது. சம்மன் கொண்டுபோய்க் கொடுத்ததற்கும், கைதியைச் சிறைவரை இட்டுச் சென்றதற்கும் சிறு கட்டணம் மட்டுமே உண்டு. வசதி படைத்தவர்கள் தமக்குப் பதிலாக வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தித் தப்பித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பட்டறையையும் கலப்பையையும் விட்டுவிட்டு, வேண்டா விருப்பாக அந்தத் தடியைக் கையில் எடுத்தார்கள்.

இந்த மனிதரின் நிலையை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்மீது ஆழ்ந்த அனுதாபம் உண்டாகிறது. எவனுடைய குடிசைக்குள் புகுந்து படுக்கைக்கடியில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கிறதா என்று சோதனையிட வேண்டுமோ, அவனுடைய குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவர் போயிருப்பார். எவன்மீது சாட்சி சொல்ல வேண்டுமோ, அவன் அறுவடைக் காலத்தில் அவரோடு ஒரே வயலில் அரிவாள் பிடித்திருப்பான். ஆண்டு முடிந்து தடி அடுத்தவர் கைக்குப் போனபின், அதே தெருவில், அதே தண்ணீர்க் கிணற்றடியில், தாம் கைது செய்தவனுடைய மனைவியின் முகத்தில் அவர் விழித்தாக வேண்டும். எட்வின் சாட்விக் முன்னின்று எழுதி 1839இல் வெளிவந்த போலீஸ் விசாரணைக் குழுவின் அறிக்கை, இந்தக் கிராமக் கான்ஸ்டபிள்களை அறிவும் திறமையும் அற்றவர்கள், அண்டை அயலாருக்கு அஞ்சிக் கடமையைச் செய்யாதவர்கள் என்று சாடிற்று. அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்த அச்சத்தை வெறும் கோழைத்தனமாக மாத்திரம் கருதிய அறிக்கை, தன் கண்முன் இருந்த ஒரு பெரிய விஷயத்தைக் காணாமலே போய்விட்டது என்பது என் எண்ணம். ஒரு சட்டத்தை நிறைவேற்ற வேண்டியவன் அதன் விளைவை நேரில் கண்டுகொண்டே வாழ வேண்டியவனாக இருக்கும்போது, அந்தச் சட்டம் அவன் மனச்சாட்சியின் வழியே சென்றுதான் செயலுக்கு வர முடியும்.

அக்காலத்தில் திருடனைப் பிடிப்பது பெரும்பாலும் அரசாங்கத்தின் வேலையாக இருக்கவில்லை. பொருளை இழந்தவனே தேட வேண்டும். அவனே துப்பு விசாரித்து, யாரிடம் இருக்கிறதென்று சந்தேகம் கொண்டு, மாஜிஸ்திரேட்டின் மாளிகைக்கு நடந்து போய்ப் பிரமாணம் செய்து, கட்டணம் செலுத்தி, சோதனை வாரண்டு பெற்று, கான்ஸ்டபிளை அழைத்து வர வேண்டும். அகப்பட்டவனை மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டு செல்லும்வரை அடைத்து வைப்பதற்கு, ஊர் நடுவில் ஒரு ஆள் இரண்டு ஆள் மட்டுமே கொள்ளும் சிறு கல் அறைகள் இருந்தன. ஆக்ஸ்போர்டுஷயரின் வீட்லி கிராமத்தில் 1834இல் கட்டிய பிரமிடு வடிவ அறை இன்றும் நிற்கிறது. வில்ட்ஷயரில் ஜன்னலற்ற இவ்வறைகளைக் குருட்டு வீடு என்றே ஜனங்கள் அழைத்தார்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கொரு முறை கூடும் குவார்ட்டர் செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவதும் பொருளை இழந்தவனுடைய பொறுப்பே. சாட்சிகளை அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைநகர் செல்ல வேண்டும்; வேலை கெடும்; விடுதிச் செலவு ஆகும். பிற்பாடு 1826இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் கொண்டுவந்த சட்டம் இச்செலவுகளை ஓரளவு ஈடு செய்தது என்றாலும், போன நாட்கள் திரும்ப வருவனவல்ல. ஆகவே நிலபுலன் உள்ளவர்கள் ஒன்றுகூடிச் சந்தா செலுத்திச் சங்கங்கள் அமைத்துக்கொண்டனர். அங்கத்தினருக்குத் திருட்டுப் போனால் சங்கம் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வெகுமதி அறிவிக்கும், வழக்குச் செலவையும் ஏற்கும். இப்படிப்பட்ட சங்கங்கள் இங்கிலாந்தெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. சந்தா கட்ட இயலாதவனின் கோழி போனால் போனதுதான்.

இனி சட்டத்தின் கடுமையைப் பார்ப்போம். 1827 வரை, திருடிய பொருளின் மதிப்பு ஒரு ஷில்லிங்குக்கு, அதாவது 12 பென்ஸுக்கு, மேற்பட்டதா உட்பட்டதா என்பதைக் கொண்டு பெருந்திருட்டு, சிறுதிருட்டு என்று சட்டம் பிரித்து வைத்திருந்தது. பெருந்திருட்டுக்கு எழுத்தளவில் மரண தண்டனை; முதன்முறைக் குற்றவாளியைப் பாதிரிச் சலுகை என்ற மிகப் பழைய விதி ஒன்று காப்பாற்றி வந்தது. குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளை எடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது. இவ்வளவு பயங்கரமான ஏட்டுச் சட்டத்தின் எதிரில் ஜூரிகள் என்ன செய்தார்கள்? கடவுள் பேரால் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்த குடியானவர்களும் கடைக்காரர்களும், கண்ணெதிரே கிடந்த பொருளின் விலை தங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், அதன் மதிப்பு 10 பென்ஸ் என்றும், வீட்டுத் திருட்டாயின் 39 ஷில்லிங் என்றும் தீர்ப்புக் கூறினார்கள். அந்தப் பொய்யை நான் மனித குலத்தின் மேன்மையான செயல்களுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

ஆடு திருடியவனுக்குத் தூக்கு என்ற விதி 1832 வரை நீடித்தது. தாமஸ் ஹார்டி 1883இல் வெளியிட்ட ‘மூன்று அந்நியர்கள்’ என்னும் சிறுகதை அக்காலத்தை நினைவிலிருத்தி எழுதப்பட்டது. பசிக்காக ஓர் ஆட்டைத் திருடித் தூக்குக்குத் தீர்ப்பான ஒருவன் சிறையிலிருந்து தப்பி, மழை இரவில் ஓர் இடையனின் குடிசையில் நடக்கும் விருந்துக்குள் நுழைந்து கணப்பருகே அமர்கிறான். மறுநாள் அவனைத் தூக்கிலிடப் போகிறவனும் அங்கேயே வந்து அவன் பக்கத்திலேயே அமர்ந்து குடிக்கிறான். கைதி தப்பிவிட்டான் என்று பீரங்கி முழங்கியதும், இங்கே கான்ஸ்டபிள் யார் என்ற கேள்வி எழ, ஐம்பது வயது மனிதர் ஒருவர் நடுங்கிக்கொண்டே முன்வந்து, மகுடம் தீட்டிய தன் தடி இல்லாமல் தன்னால் ஒருவனையும் கைது செய்ய முடியாது என்கிறார். படிப்பவர் சிரிக்கும்படி ஹார்டி இதை எழுதியிருக்கிறார். ஆனால் அந்தத் தடி அவ்வேழைக்கு எத்துணை அவசியம்! தடியைப் பிடித்திருக்கும்வரை அடிப்பது அரசன். தடி இல்லையேல் அண்டை வீட்டானை அண்டை வீட்டான் தூக்குக்கு அனுப்புவதாக ஆகிவிடும். கதையின் முடிவில் அந்தக் கைதி அகப்படுவதே இல்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமில்லை என்று உணர்ந்த ஊரார், தேடுவதுபோல் தேடி, காண வேண்டிய இடங்களில் காணாமலிருந்தார்கள். அக்காலத்து நீதியின் செயல்முறையை எத்தனையோ சரித்திர நூல்களைவிட இந்தக் கதை தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் தண்டனையின் கடுமையைக் காட்டிலும் என் மனத்தை அதிகமாக வருத்துவது வேறொன்று: எது திருட்டு என்பதே அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் பார்லிமெண்டு ஆயிரக்கணக்கான வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றி, ஊர்ப் பொது மேய்ச்சல் தரைகளையும் திறந்த வயல்களையும் தனியார் சொத்தாகப் பிரித்துக் கொடுத்தது. பசுவை மேய்த்த நிலம், விறகு பொறுக்கிய புதர், காளானும் கொட்டையும் பறித்த தோப்பு எல்லாம் வேலிக்குள் போயின. பாட்டனார் காலத்திலிருந்து கேட்பாரின்றி நடந்து வந்த அனுபோகம், ஒரு காலையில் குற்றமாயிற்று. குளிர்காலத்தில் அடுப்பெரிக்க உயிர்வேலியின் காய்ந்த கொம்பை ஒடித்த பெண்கள், டர்னிப் கிழங்கைப் பிடுங்கிய சிறுவர்கள் என்று மாஜிஸ்திரேட்டுகளின் முன் வந்து நின்றவர்களின் வரிசைக்கு முடிவில்லை. மண்ணில் வேரூன்றி நிற்கும் பொருள் நிலத்தின் பகுதியே ஆதலால் அதை எடுப்பது திருட்டாகாது என்று பழைய பொதுச் சட்டம் கூறிவந்தது. ஆகவே கிழங்கையும் கொம்பையும் காப்பதற்கென்றே பார்லிமெண்டு புதுப் புதுச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

இதற்கு மாறாக, வில்ட்ஷயரில் கிரேட் விஷ்போர்டு என்னும் ஊர் உண்டு. அருகிலுள்ள குரோவ்லிக் காட்டில் காய்ந்த விறகைப் பொறுக்கிக்கொள்ளவும், குறித்த காலத்தில் பசுங்கிளைகளை வெட்டிக்கொள்ளவும் அவ்வூர் ஜனங்களுக்குள்ள பாத்தியதை 1603இல் எழுத்தில் பதிவாகியிருந்தது. இன்றும் மே மாதம் 29ஆம் தேதி அவர்கள் அந்த உரிமையை ஆரவாரத்தோடு அறிவித்துக் கொண்டாடுகிறார்கள். விறகு ஒன்றே, குளிர் ஒன்றே, கை ஒன்றே. ஒரு ஊரில் அது திருவிழா. பத்திரம் இல்லாத பக்கத்து ஊரில் அது சிறை.

கதிர் பொறுக்கும் வழக்கத்தின் சரித்திரம் இன்னும் விரிவாகச் சொல்லத் தக்கது. அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களை ஏழைப் பெண்களும் குழந்தைகளும் பொறுக்கிக்கொள்வது வேதாகம காலத்திலிருந்து வந்த தர்மம் என்று நாட்டுப்புறத்தார் நம்பினர். ஒரு குடும்பம் நன்றாகப் பொறுக்கினால் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கு ரொட்டி மாவு சேர்ந்துவிடும். 1788இல், சபோக் மாவட்டத்து டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண் பொறுக்கியதை எதிர்த்து எழுந்த ஸ்டீல் எதிர் ஹௌட்டன் வழக்கில், காமன் பிளீஸ் நீதிமன்றம் பொதுச் சட்டப்படி ஒருவருக்கும் அத்தகைய உரிமை கிடையாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி கௌல்டு ஒருவர் மட்டும் மோசேயின் கட்டளைகளையும் நாட்டின் நெடிய வழக்கத்தையும் எடுத்துக்காட்டி மாறுபட்டார். சரி, தீர்ப்பு வந்தாயிற்று. கதிர் பொறுக்குவது நின்றதா? ஏறத்தாழ நூறாண்டுகள் நிற்கவில்லை. காலையில் தொடங்கவும் மாலையில் நிறுத்தவும் மாதா கோவிலில் மணி அடித்தார்கள். பொறுக்கும் பெண்களே தங்களுக்குள் ஒரு தலைவியைத் தேர்ந்து ராணி என்று அழைத்து, அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள். இன்னும் பொறுக்க அனுமதி இல்லை என்பதற்கு அடையாளமாக வயலில் ஒற்றைக் கட்டு நிற்கும். பிற்காலத்தில் சில ஊர்களில் அந்தக் கட்டுக்குப் போலீஸ்காரன் என்றே பெயர் வழங்கிற்று. அவர்கள் ஒழுங்கை வெறுத்தவர்களல்லர். தாங்கள் ஒப்புக்கொண்ட ஒழுங்குக்கு ஒரு வைக்கோற் கட்டின் எதிரிலும் பணிந்து நின்றவர்கள்.

முயலின் விஷயத்தில் சட்டத்துக்கும் ஜனங்களுக்கும் இடையே இருந்த பிளவு பின்னும் ஆழமானது. காட்டில் திரியும் உயிருக்கு, அது பிடிபடும்வரை, யாரும் சொந்தக்காரர் அல்லர் என்று ஆங்கிலச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது. ஆதலால் முயலையோ ஃபெசண்ட் பறவையையோ கண்ணி வைத்துப் பிடிப்பது சட்டத்தின் பாஷையில் திருட்டே அன்று. அப்படியிருந்தும் அதற்கென்றே தனியாக இயற்றிய வேட்டைச் சட்டங்கள், திருட்டுக்கு விதித்ததைப் போன்ற கொடிய தண்டனைகளை விதித்தன. 1828ஆம் ஆண்டின் இரவு வேட்டைச் சட்டத்தின்படி, இருளில் பிடிபட்டவனுக்கு முதல்முறை 3 மாதச் சிறை, இரண்டாம்முறை 6 மாதம், மூன்றாம்முறை 7 ஆண்டுத் தீவாந்தர சிட்சை. வழிப்போக்கனின் காலை முறிக்கும் இரும்புப் பொறிகளையும், கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும் துப்பாக்கிகளையும் தோப்புகளில் மறைத்து வைப்பது 1827இல்தான் தடுக்கப்பட்டது. இவ்வழக்குகளை விசாரித்த கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் யார்? நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் உள்ளவர்களே அப்பதவிக்குத் தகுதி பெற்றனர். அவர்களுள் கணிசமானோர் பாதிரிமார். பலர் தாமே வேட்டைத் தோப்புகள் வைத்திருந்தவர்கள், அல்லது அப்படி வைத்திருந்தவர்களின் விருந்தினர். அயலானின் முயலுக்கு நான் தீர்ப்பளிக்கிறேன், என் முயலுக்கு அவர் தீர்ப்பளிப்பார் என்ற நிலையில் நியாயம் எவ்வளவு நிமிர்ந்து நிற்க முடியும்? 1850–51இல் நாடு சுற்றி எழுதிய ஜேம்ஸ் கேர்டின் கணக்குப்படி, தென் மாவட்டங்களில் உழவுத் தொழிலாளியின் வாரக்கூலி சராசரி 8 ஷில்லிங் 5 பென்ஸ். ஒரு முயல் அந்தக் குடிசைக்கு எத்துணை பெரியது என்பதை அம்மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

இவ்வளவு எழுதியபின், பழைய கிராமத்தை ஒரு கருணைக் கோயிலாக நான் சித்திரிப்பதாக யாரும் எண்ணிவிடலாகாது. திருட்டுக் கொடுத்தவர்கள் எல்லோரும் பிரபுக்கள் அல்லர். கொடியில் உலர்ந்த ஒரே மாற்றுச் சட்டையை இழந்த விதவையும், குளிர்காலத்துக்கென்று ஆண்டு முழுவதும் வளர்த்து உப்பிட்டு வைத்த பன்றி இறைச்சியை இழந்த கூலிக்காரனும் அந்தச் செஷன்ஸ் பதிவேடுகளில் வழக்காளிகளாக இருக்கிறார்கள். அவர்களிடம் திருடியவனும் பெரும்பாலும் அதே தெருவின் ஏழையே. அத்தகையவர்களுக்குச் சம்பளமில்லாக் கான்ஸ்டபிளின் தயவு தாட்சணியத்தால் விளைந்தது அநியாயமே. ஊராரின் நெகிழ்ச்சி ஊராருக்கு வேண்டியவர்களையே காத்தது. வெளியூரான், ஜிப்ஸி, வேலை தேடித் தெருவில் அலையும் அந்நியன் ஆகியோர்மீது முதற் சந்தேகம் விழுந்தது, அவர்களுக்காக யாரும் 10 பென்ஸ் என்று சொல்லத் துடிக்கவில்லை. அயலன்பின்மேல் கட்டிய நீதிக்கு இந்த எல்லை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

பின்பு மாறுதல் வந்தது. 1830இல் கென்ட்டில் தொடங்கித் தென்னிங்கிலாந்து முழுவதும் பரவிய, கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த கலகம் நிலப்பிரபுக்களை நடுங்கச் செய்திருந்தது. அதற்காக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். 1839ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பிய மாவட்டங்கள் சம்பளப் போலீஸ் படை அமைத்துக்கொள்ள அனுமதித்தது. வில்ட்ஷயர் முதலில் அமைத்தது. 1856ஆம் ஆண்டுச் சட்டம் அதை எல்லா மாவட்டங்களுக்கும் கட்டாயமாக்கி, திருப்தியாக நடத்தினால் செலவில் நான்கில் ஒரு பங்கை அரசாங்கம் தரும் என்றது. புதிய கான்ஸ்டபிளும் பெரும்பாலும் உழவன் மகன்தான். ஆனால் சீருடை அணிந்து, சொந்த ஊருக்கு அப்பால் குடியேற்றப்பட்டு, ஆங்கே வேர் பிடிக்குமுன் இடம் மாற்றப்பட்டு, இரவில் மைல்கணக்காக நடந்து குறித்த நாழிகையில் குறித்த முச்சந்தியில் அடுத்த எல்லைக்காரனைச் சந்தித்துக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் அவன். யார் முகத்திலும் விழிக்க அஞ்ச வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாதபடி செய்வதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

அதே காலத்தில் தண்டனைகள் தணிந்தன, விசாரணை எளிதாயிற்று. 1847இல் 14 வயதுக்கு உட்பட்ட சிறார்களின் சிறு திருட்டை ஜூரியின்றியே மாஜிஸ்திரேட்டுகள் விசாரிக்கலாம் என்றும், 1855இல் 5 ஷில்லிங்குக்கு மேற்படாத திருட்டில் குற்றவாளி சம்மதித்தால் வயது வந்தோரையும் அவ்வாறே விசாரித்து 3 மாதம்வரை சிறையிடலாம் என்றும் சட்டம் வந்தது. மாதக்கணக்காகச் சிறையில் விசாரணைக்குக் காத்துக் கிடந்து வாடியவர்களுக்கு இது பெரிய ஆறுதலே. ஆயினும் இந்த அன்பான சீர்திருத்தத்துக்குள் ஒரு விபரீதம் ஒளிந்திருந்தது. தூக்குக் கயிறு தொங்கியபோது பொருளை இழந்தவனே வழக்குத் தொடுக்கத் தயங்கினான், ஜூரி பொய் சொன்னது, கான்ஸ்டபிள் தடியைத் தேடிக்கொண்டிருந்தான். மூன்று வாரச் சிறைக்கு யார் தயங்குவார்? வழக்கு நடத்தப் போலீஸ்காரன் இருந்தான், செலவில்லை, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். 12 பென்ஸா 10 பென்ஸா என்று மனம் நொந்து சத்தியத்தை வளைத்த பன்னிரண்டு பேர் அந்த அறையில் இல்லை. கொடிய சட்டத்தின் கண்ணிகள் பெரியவை, பலர் தப்பினர். இளகிய சட்டத்தின் வலை நெருக்கமானது, கிழங்கு பிடுங்கிய சிறுவனும் அதில் சிக்கினான். 1862இல் வேட்டைத் தடுப்புச் சட்டம் நெடுஞ்சாலையில் போகும் எவனையும், முயல் கொண்டு வருகிறான் என்று சந்தேகித்தால், நிறுத்தி அவன் சட்டைப் பையையும் கூடையையும் சோதனையிடப் போலீசாருக்கு அதிகாரம் கொடுத்தது. பிரபுவின் தோப்புக் காவலாளின் வேலையை நாட்டின் வரிப்பணத்தில் செய்ய வைத்த இச்சட்டத்தை உழவுத் தொழிலாளர் சங்கம் கண்ட ஜோசப் ஆர்ச் கடுமையாக எதிர்த்தார். 1873இல் பார்லிமெண்டுக் குழுவின் முன் வேட்டைச் சட்டங்களைப் பற்றி அவர் சாட்சியமும் அளித்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் நேர்மையான உழவன், தன் ஊர்ச் சாலையிலேயே கைகளை உயர்த்தி நிற்க நேர்ந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை.

இதில் எந்த ஏற்பாடு மேலானது என்று என்னைக் கேட்டால், பழையது என்று சொல்ல அந்த விதவையின் சட்டை என்னை விடவில்லை. புதியது என்று சொல்ல அந்தச் சாலை விடவில்லை. ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. முயலைப் பற்றிய கிராமத்தாரின் கருத்தை எந்தப் போலீசாலும் மாற்ற முடியவில்லை. 1880இல் குத்தகை உழவனுக்கு அவன் நிலத்து முயல்மீது உரிமை அளித்துச் சட்டமே சற்று இறங்கி வந்தது. கதிர் பொறுக்குவதை 1788ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிறுத்தவில்லை, 1856ஆம் ஆண்டுப் போலீசும் நிறுத்தவில்லை. குதிரை இழுக்கும் வாரியும், அறுத்துக் கட்டும் இயந்திரமும் வயலில் சிந்தும் கதிரைக் குறைத்தன. அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்து ரொட்டியின் விலை சரிந்தது. பொறுக்கிய கதிரை அரைத்துக் கொடுக்கச் சிற்றூர் ஆலைக்காரர்கள் இல்லாமற்போனார்கள். அந்த மூன்றும் சேர்ந்தே, யாரையும் கைது செய்யாமல், அதை முடித்து வைத்தன.